எந்தத் திசை

"உங்கள் ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது?"
செடிக்கடை ஓட்வார் கேட்ட முதல் கேள்விக்கே
என்னிடம் பதில் இல்லை.

ட்ரோம்ஸோவுக்கு நான் குடிவந்தது டிசம்பர் மூன்று.
சூரியன் அதற்கு ஒரு வாரம் முன்பே
ஊரைக் காலி செய்துவிட்டிருந்தது.
வீட்டுக்காரர் அடுப்பைக் காட்டினார்.
ஹீட்டரைக் காட்டினார்.
எந்த வாரம் யார் பனி வார வேண்டும் என்று
கதவில் ஒட்டிய அட்டவணையைக் காட்டினார்.
ஜன்னலைக் காட்டவில்லை.
காட்ட அதில் என்ன இருந்தது?
பதினொன்றரைக்கு ஒரு நீலம் வரும்,
தண்ணீரில் மை கொட்டினாற்போல.
ஒன்றரைக்கு அதுவும் கடையைச் சாத்தும்.

போனை எடுத்தேன். வரைபடத்தில் பார்த்துவிடலாம்.
"திசையை அது சொல்லும்" என்றார்.
"எதிர்க் கட்டடம் எவ்வளவு மறைக்கும் என்று சொல்லுமா?"

பிறகு, பெண் கேட்டு வந்தவனை விசாரிப்பதுபோல
ஒவ்வொன்றாய்.
பூனை உண்டா?
உண்டு. ஒற்றைக் கண். பச்சையாய் எது இருந்தாலும் கடிக்கும்.
லில்லி இருந்த மேசையை விட்டு என்னை நகர்த்தினார்.
ஹீட்டர் ஜன்னலுக்கு அடியிலா?
அடியில்தான்.
அப்படியென்றால் பெரணியும் இல்லை, நுனி கருகும்.
வேலை?
கடலோரக் கப்பலில் சமையல்.
இருபத்திரண்டு நாள் கப்பல், இருபத்திரண்டு நாள் வீடு.
பூனை அப்போது கீழ்வீட்டு சோல்வாய்க் அம்மாவிடம்.
"செடி?"

எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று
எண்பது பேருக்குப் பதில் சொல்கிறவள் நான்.
அந்த ஒரு சொல்லுக்குக்
கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டேன்.

விளக்கடியில் ஓர் எலுமிச்சை நின்றிருந்தது.
என் இடுப்பளவு. இரண்டே காய், மஞ்சள்.
அந்த மாதம் முழுக்க நான் பார்த்த மஞ்சள் அவ்வளவுதான்,
பனிவாரும் வண்டியின் விளக்கைத் தவிர.
அதற்கு என் வீடு ஒத்துவருமா என்றேன்.
"உங்களுக்கு அதைப் பிடித்திருக்கிறது.
நீங்கள் கேட்பது வேறு."

கடைசியில் அவர் மூலையிலிருந்து இழுத்து வந்தது
இரும்புச்செடி.
அகல இலை, ஆறே ஆறு, ஒன்று கிழிந்திருந்தது,
அதனால் பாதி விலை.
"இருட்டில் இருக்கும். தண்ணீர் மறந்தால் பொறுக்கும்.
பூனை கடித்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது.
ஆனால் அவசரப்படுத்தாதீர்கள்.
வருடத்துக்கு நாலு இலை விட்டால் பெரிது."
அழகா என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

வெளியே மைனஸ் ஒன்பது.
மூன்று சுற்று செய்தித்தாள், அதன்மேல் என் சால்வை.
கொஞ்சம் உறைந்தாலும்
வெந்த கீரையாகிவிடும் என்று பயமுறுத்தியிருந்தார்.
பேருந்தில் அதைக் கோட்டுக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டேன்;
என் தாடைக்குக் கீழே
ஒரு இலை எட்டிப் பார்த்தபடி வந்தது.

சூரியன் திரும்பிய நாளில்
ஊரே ஜாம் பன் தின்றதாம். நான் கடலில்,
மேல்தட்டுக்கு ஏறவே நேரமில்லாமல் காட் மீன் அரிந்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி ஆறு.
பதினொன்று நாற்பது. காபிச் சட்டியைத் தேய்க்கிறேன்.
சுவரில் ஏதோ நகர்ந்தது.
பூனைதான் முதலில் பார்த்தது, ஒற்றைக் கண்ணால்;
பாய்ந்து அறைந்தது.
வெளிச்சம்.
மேட்டில் நிற்கும் பள்ளிக்கூடத்தின்
மூன்றாம் மாடிக் கண்ணாடி
எங்கள் கூரைக்குப் பின்னாலிருந்த சூரியனை வாங்கி
என் அடுப்படிக்கு எறிந்தது.
கிழிந்த இலைமேல் ஏறி,
பல் பதிந்த இன்னொன்றின்மேல் இறங்கி,
ஏழு நிமிடத்தில் போயிற்று.
ஈரக் கையோடு நின்றிருந்தேன். சட்டி நிரம்பி வழிந்தது.

மறுநாள் ஓட்வாரிடம் போய்ச் சொன்னேன்: "வடக்கு."
"அப்படியா. நேர் வெயில்?"
"இல்லை. கடன் வெயில். ஏழு நிமிடம்."
பென்சிலைக் காதில் செருகி யோசித்தார்.
"எலுமிச்சைக்குப் போதாது."
"தெரியும்."

எலுமிச்சை அங்கே இல்லை.
தரையில் அதன் தொட்டி வைத்த வட்டம் மட்டும்.
யாரோ தெற்கு ஜன்னல்காரர்.

ஒரு தட்டு வாங்கினேன்,
தொட்டிக்கு அடியில் வைக்க.
மஞ்சளில் இருந்தது ஒன்று.